கண்மாய்க் கரையில் நடைபாதை: எந்த நிலம், எந்த மட்டம், யாருடைய அனுமதி

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்க் கரையில் நடைபாதை கேட்காத ஊர் குறைவு. வண்டியூர் கண்மாயில் மாநகராட்சி எடுத்த மேம்பாட்டுப் பணியில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் இடம்பெற்றதிலிருந்து, குடியிருப்போர் சங்கங்களும் ஊராட்சிகளும் தங்கள் கண்மாய்க்கும் அதுபோல வேண்டும் என்று மனுக் கொடுக்கின்றன. மனுவோடு பெரும்பாலும் செயற்கைக்கோள் படம் ஒன்று இருக்கும். அதன்மேல் சிவப்பில் ஒரு வளைகோடு இருக்கும். அந்தக் கோடு எந்தப் புல எண்ணில் போகிறது, எந்த மட்டத்தில் போகிறது என்ற இரண்டு விவரம் மட்டும் இருக்காது. எத்தனை அனுமதி வேண்டும், எத்தனை மாதம் ஆகும், முதல் பெருமழைக்குப் பாதை நிற்குமா என்பதையெல்லாம் அந்த இரண்டு விவரங்களே தீர்மானிக்கின்றன.

நீர்நிலை ஓரத்தில் நடைபாதை போட "இதுதான் அனுமதி" என்று ஒரே சட்டமோ ஒரே அலுவலகமோ கிடையாது. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நடைபாதை இல்லை. கட்டுமானத் திட்டங்களில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்பு உள்ளவைதாம் அதில் வரும். இதை மட்டும் படித்துவிட்டு "சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை" என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தவறில்லை. ஆனால் நிலம், தண்ணீர், மரம், மண், பறவை, தொல்லியல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கு வருவது அங்கிருந்துதான்.

முதலில் நான்கு தாள்கள்

கோடு போடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேட்டு நகல், கண்மாயின் மெமோயர் (அதன் மட்டங்களையும் அளவுகளையும் எழுதி வைத்த பதிவேடு). முதல் மூன்றும் வருவாய்த் துறையிடம் கிடைக்கும். மெமோயர் நீர்வளத் துறையிடம் இருக்கும். பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்குக் குறைவான ஒன்றியக் கண்மாயானால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். அங்கே மெமோயர் இல்லாமல் போவது சகஜம்.

'அ' பதிவேட்டில் நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அதன் வகைப்பாட்டை மாற்றித் தரச் சொல்லி எந்த ஆட்சியரிடமும் கேட்கக் கூடாது. நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2001-இல் தந்த தீர்ப்பும், அதன் வழியில் சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் பிறப்பித்த ஆணைகளும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. உலகனேரி, தல்லாகுளம் என்று பெயரளவில் மிஞ்சிய நீர்நிலைகளைத் தினமும் பார்க்கும் ஊரில் அது அடைபட்டிருப்பது நல்லதே. கேட்க வேண்டியது நில மாற்றம் இல்லை. நிலம் துறையிடமே இருக்க, பாதை போட்டுப் பராமரிக்க மட்டும் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். மனுவில் இந்த ஒரு சொல் மாறிப்போய் ஆண்டுக்கணக்கில் நின்ற கோப்புகள் உண்டு.

வகைப்பாட்டைப் பார்க்கும்போது "வண்டிப்பாதை" என்று தனிப் புல எண் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பல ஊர்களில் கரையின் வெளிப்பக்கம், வயலுக்கும் கரைக்கும் நடுவே பழைய வண்டிப்பாதை ஓடும். சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும், யாரும் நடப்பதில்லை, ஆனால் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். நடைபாதையை அதன்மேல் போட்டால் பாதி அனுமதிகள் தேவைப்படாது. அது மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத இடமாகவும் இருக்கும்.

மட்டத்தைக் களத்தில் பிடிப்பது

கண்மாயின் எல்லை என்று வருவாய்த் துறை சொல்வது புலக்கல்லை. தண்ணீர் அறிந்த எல்லை முழு நீர்மட்டம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உபரிநீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மேல்மட்டமே முழு நீர்மட்டம். அங்கிருந்து லெவல் கருவி வைத்து உள்வாய் (கண்மாயில் தண்ணீர் பரவி நிற்கும் உட்பகுதி) முழுவதும் அதே மட்டத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு வந்தால், நிறைந்த கண்மாய் எங்கே நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கலுங்கில் தண்ணீர் பாய்ந்து வெளியேறும்போது மட்டம் இன்னும் ஒரு முழம் ஏறும். அது பெருவெள்ள மட்டம். மெமோயரில் இரண்டும் எண்ணாக இருக்கும்.

உள்வாயில் தரை மிக மெதுவாகச் சரியும் என்பதால் மட்டத்தில் சிறு பிழையும் தரையில் பெரிதாக விரியும். இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள தரையில் 30 சென்டிமீட்டர் தவறினால், கோடு 60 மீட்டர் தள்ளிப் போய்விடும். "தண்ணீர் இங்கே வந்து இருபது வருஷம் ஆச்சு" என்று ஊரில் சொல்வதை நம்பி உள்வாயில் பாதை போட்டால், கண்மாய் நிறையும் ஆண்டில் பாதை தண்ணீருக்குள் இருக்கும். உள்வாயில் பட்டா நிலங்கள் இருப்பதும் உண்டு. பட்டா இருப்பதாலேயே அங்கே தண்ணீர் நிற்காது என்று ஆகிவிடாது. பாதைக்காக மண்ணைக் கொட்டி அந்த நிலத்தை மேடாக்கினால், கண்மாயின் கொள்ளளவில் கைவைத்ததாகவே நீர்வளத் துறை எடுத்துக்கொள்ளும்.

கொள்ளளவுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கரையின் மேல்தளம் போதவில்லை என்று உள்பக்கமாக மூன்று மீட்டர் அகலப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். முழு நீர்மட்டத்தில் கரையோர ஆழம் இரண்டு மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆறு கன மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 6,000 கன மீட்டர். அதாவது 60 லட்சம் லிட்டர், மில்லியன் கன அடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கடைமடை விவசாயிக்கு அது ஒரு தண்ணீர்ப் பாய்ச்சல். இந்த எண்ணைத் திட்ட அறிக்கையில் தாமே எழுதாதவர்களைப் பாசன சங்கத்தார் கேட்கத்தான் செய்வார்கள். அகலப்படுத்துவது தவிர்க்க முடியாதென்றால் வெளிச்சரிவுப் பக்கம் செய்யுங்கள். அல்லது உள்வாயில் அதே கன அளவுக்குத் தூர்வாருவதைத் திட்டத்துக்குள்ளேயே சேருங்கள்.

ஈரநில விதி பொருந்துமா?

இந்தக் கேள்விக்கு "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதிலையும் அதிகாரிகளே சொல்வார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. மதுரைக் கண்மாய்கள் எல்லாமே பாசனத்துக்கு வெட்டியவை. ஆகவே விதி பொருந்தாது என்பது முதல் வாதம்.

ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம், இஸ்ரோ வரைபடத்தில் பதிவான 2.25 எக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களை 2010-ஆம் ஆண்டு விதிகளின் நான்காம் விதியில் உள்ள கோட்பாடுகளின்படி காக்கச் சொன்னது. அந்தப் பழைய விதிகளின் வரையறையில் குளமும் ஏரியும் உண்டு. புதிய வரைபடத்தின்படி எண்ணிக்கை 2,31,195 ஆக உயர்ந்தது. அவற்றைக் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி 2024 டிசம்பரில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2.25 எக்டேர் என்பது ஐந்தரை ஏக்கர்தான். மதுரை மாவட்டத்தில் பேர்சொல்லும் கண்மாய்கள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. ஆகவே உங்கள் கண்மாய் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று மாவட்ட வன அலுவலகம் வழியாக மாநில ஈரநில ஆணையத்திடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதே பாதுகாப்பு.

இருந்தால் என்ன ஆகும்? படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் சராசரிப் பெருவெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் கூடாது. கரையே அந்த ஐம்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது! அப்படியானால் கரைமேல் எதுவுமே செய்ய முடியாதா? இருக்கும் கரையைப் பலப்படுத்தி, சரளை மண் பரப்பி, மக்கள் நடக்க விடுவது கரைப் பராமரிப்பு என்று வாதாடலாம். கான்கிரீட் அடித்தளம், தடுப்புச் சுவர், கடைகள், கழிப்பறை, செயற்கை நீரூற்று என்று போனால் வாதாட ஒன்றுமில்லை. சரளைப் பாதையைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். சட்டம் அதில் ஒரு காரணம். பெரிய காரணம் கரையின் நலம்.

கரை எப்படி உடைகிறது

கண்மாய்க் கரை மண்ணாலானது. அது ஆண்டுதோறும் கொஞ்சம் அமுங்கும், கோடையில் வெடிக்கும், எலியும் நண்டும் வளை தோண்டும். மடையடியில் ஊற்றுக் கண் திறக்கும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் ஊர்ப் பணியாளரான நீர்ப்பாய்ச்சி காலையில் கரைமேல் நடந்தே இதையெல்லாம் பார்த்துவிடுவார். நீளவாக்கில் விரல் அகல வெடிப்பு, வெளிச்சரிவில் திடீரென்று பச்சையாக நிற்கும் புல், காலை வைத்தால் அமுங்கும் ஈரம் ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அன்றே மண் வெட்டிப் போட்டு இடித்து இறுக்குவார்கள். மேலே பேவர் கல் பதித்துவிட்டால் இந்த மூன்றில் முதல் அடையாளம் மறைந்துபோகும். கல்லுக்குக் கீழே மணல் படுகை இருக்கும். மண் இறங்கினாலும் மேலே கல் பாலம்போல் நின்று, கீழே பொக்கையை மறைக்கும். அடைமழையில் தண்ணீர் அந்தப் பொக்கை வழியே இறங்கி வெளிச்சரிவை அறுக்கும்.

அதனால்தான் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் நிபந்தனைகள் நீளமாக இருக்கும். அவற்றைக் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். கரையின் மேல்தளத்தில் பொக்லைன் போக வழி விட வேண்டும். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தடையில்லாமல் இருந்தால்தான் உடைப்பின்போது மண் மூட்டை ஏற்றிய வண்டி போய்ச் சேரும். நடுவில் பெஞ்சு, பூந்தொட்டி, இரும்புத் தூண் வைத்தால் அந்த இரவில் அறுத்து எறிய வேண்டியிருக்கும். விளக்குக் கம்பத்துக்குக் கரை நடுவில் குழி தோண்டக் கூடாது. கம்பமும் மின்கம்பிப் பள்ளமும் வெளிச்சரிவின் அடிக்கு வெளியேதான். கரையின் நீளவாக்கில் தோண்டிய மின்கம்பிப் பள்ளம், தண்ணீர் கசிய நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால். உள்சரிவில் மரம் நடக் கூடாது. வேர் செத்து மக்கியதும் அந்த ஓட்டை கசிவுப் பாதையாகும். நிழல் வேண்டுமென்றால் வெளிச்சரிவு அடிக்கு அப்பால் புங்கையும் மருதமும் நடலாம்.

சரளைப் பாதைக்கான முறை இது: மேல்தளத்தில் உள்ள புல்லையும் வேரையும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுப்பது, வெடிப்புகளைத் திறந்து களிமண் சேர்ந்த மண்ணால் நிரப்பி ஈரப்பதம் பார்த்து இடிப்பது, உயர்த்த வேண்டிய இடங்களில் 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண் போட்டு உருளை ஓட்டுவது, கடைசியில் 15 சென்டிமீட்டர் சரளை. மேல்தளத்தை நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் உள்பக்கமாகச் சாய்க்க வேண்டும். மழைநீர் வெளிச்சரிவில் இறங்கினால் அதை அறுத்துவிடும். உள்சரிவில் அலை அரிக்காமல் பதித்த அலைகல் இருப்பதால் தாங்கும். அடுக்கை ஒரேயடியாக அரை மீட்டர் கொட்டி உருளை ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மேலே கெட்டியாகத் தெரியும், கீழே பொதபொதவென்றிருக்கும். முதல் மழையில் பாதை அலையலையாக இறங்கும்.

வரத்துக்காலும் கலுங்கும்

ஊரைச் சுற்றி வரும் பாதை எங்காவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையோ ஓடையையோ கடக்கும். அங்கே ஒரு சிமென்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணை மூடுவது ஒப்பந்ததாரருக்குச் சுலபம். 600 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப்பரப்பு 0.28 சதுர மீட்டர். தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அரை கன மீட்டருக்கும் குறைவாகவே கடத்தும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஓடி வந்தால் நொடிக்கு ஐந்தரை கன மீட்டர் வரும். அதாவது குழாயின் கொள்திறனைப் போல் பத்து மடங்குக்கும் மேல். மிச்சம் பின்னோக்கித் தேங்கி வீட்டுக்குள் போகும், இல்லையென்றால் பாதையை அறுத்துக்கொண்டு போகும். மதுரையில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர்தான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில் கொட்டிவிடும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதி தண்ணீரில் நின்றதும், செல்லூர் கண்மாயின் உபரிநீரைக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால் பேசுபொருளானதும் ஊரறிந்தது.

ஆகவே ஓடையைக் கடக்க, இரண்டு கரைக்கும் வெளியே தாங்குசுவர் நிறுத்தி, நடுவில் தூண் இல்லாத சிறுபாலம் போட வேண்டும். பாலத்தின் அடித்தட்டு பெருவெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டர் இருக்கட்டும். கலுங்கிலும் இதே விதி. கலுங்குக்கு மேல் நெருக்கமான கம்பி வைத்த கைப்பிடியோடு பாலம் போட்டால், ஆகாயத்தாமரையும் கருவேல முள்ளும் கம்பியில் அடைந்து அதுவே ஒரு தடுப்பணை ஆகிவிடும். கலுங்கு கடத்தாத தண்ணீர் கரைமேல் ஏறும். பாதையைக் கலுங்குக்குக் கீழே சுற்றிவிட்டு, தண்ணீர் போகும் நாள்களில் மூடிவைப்பது எளிது, மலிவும்கூட.

வைகைக் கரையோ, கிருதுமால் போன்ற ஆறோ என்றால் 1884-ஆம் ஆண்டின் ஆறுகள் பாதுகாப்புச் சட்டமும் பார்க்கப்படலாம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இன் 24-ஆம் பிரிவு, ஓட்டத்தைத் தடுத்து மாசைக் கூட்டும் பொருளை ஓடையில் போடுவதைத் தடுக்கிறது. கட்டுமானக் கழிவை வாய்க்கால் ஓரத்தில் குவித்து வைக்கும் வழக்கத்துக்கு எதிராக இந்தப் பிரிவை எடுத்துக்காட்டலாம்.

மரம், மண், பறவை, பாறை

அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். வெட்டும் மரத்துக்கு ஈடாகப் பல மடங்கு கன்று நடும் நிபந்தனை வரும். பனைக்கு ஆட்சியர் அனுமதி தனி. கண்மாய் உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலம் இருந்தால் வனத்துறையின் கணக்கில் உள்ள மரம் அது. அழகர்மலை போன்ற காப்புக்காட்டு எல்லைக்குள் பாதை நுழைந்தால் வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இன் கீழ் மத்திய அரசு வரை கோப்பு போகும். பாதையைக் காட்டுக்கு வெளியே வளைப்பதே புத்தி.

மண்தான் பலரும் மறந்துவிடும் விஷயம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். பாதை போட மண் எடுப்பது அந்த அனுமதிக்குள் வராது. சிறுகனிம விதிகளின்கீழ் தனி அனுமதியும், மண் ஏற்றிய வண்டிக்கு நடைச்சீட்டும் வேண்டும். சாலை போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க 2020-இல் தந்த சுற்றுச்சூழல் விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வெளியிலிருந்து வரும் மண்ணுக்கு ஒப்பந்ததாரர் காட்டும் சீட்டைத் திட்டக் கோப்பில் வைத்திருங்கள்.

சாமநத்தம் போன்ற கண்மாய்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. வனவிலங்குச் சட்டம் 1972, காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதையே வேட்டை என்று சொல்கிறது. கூடு கட்டிய மரத்தடியில் விளக்கும் ஒலிபெருக்கியும் கூடாது. கண்மாயைச் சுற்றி முழு வட்டமாகப் பாதை வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? பறவை தங்கும் உள்வாய்ப் பக்கத்தை விட்டுவிட்டு, கரைப்பக்கம் மட்டும் போய்த் திரும்பி வரும் பாதை போதும்.

மதுரைக்கே உரிய இன்னொன்று பாறைகள். கீழக்குயில்குடி சமணர் மலைபோல் மத்தியத் தொல்லியல் துறை காக்கும் இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர், அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை முன்னனுமதி வேண்டும். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 எக்டேர் 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைத் தாண்டி எதுவும் தொடங்கக் கூடாது.

ஊர் ஒப்புதலும் காலமும்

தாளில் உள்ளவர்களைத் தவிரக் கண்மாயில் உரிமை உள்ளவர்கள் பலர்: பாசனதாரர் சங்கம், மீன்பாசி குத்தகைதாரர், கரையில் ஆடு ஏற்றி இறக்குபவர்கள், மடைக் காவல் தெய்வமான மடைக்கருப்புக்குப் படையல் போடுபவர்கள். பாதையின் கம்பி வேலி ஆட்டு வழியை அடைத்தால் ஒரு வாரத்தில் வெட்டப்படும். மீன் பிடிக்கும் இடத்தில் இறங்குபடி விடாவிட்டால் அலைகல்லைப் பெயர்த்து இறங்குவார்கள். கிராம சபைத் தீர்மானத்தில் "நடைபாதை அமைக்கலாம்" என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், எந்தெந்த இடத்தில் திறப்பு என்று எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தை உதவிப் பொறியாளரிடம் கொடுத்தால் அது செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர் வழியாக மதுரை மண்டலத் தலைமைப் பொறியாளர்வரை ஏறும். நீள்வெட்டுப் படம், முப்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, முழு நீர்மட்டமும் பெருவெள்ள மட்டமும் குறித்த தளவரைபடம், ஒவ்வொரு கடப்புக்கும் நீர்க்கணக்கு ஆகியவை முதல் நாளே இணைந்திருந்தால் கோப்பு கீழே திரும்பி வராது. மட்ட அளவை எடுக்க ஏற்ற காலம் தை, மாசி: தண்ணீர் வடிந்த சுவடு மண்ணில் தெரியும். மண் வேலைக்குப் பங்குனி முதல். ஆனால் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரிக்கு மேலே இருபோகம், கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில் இருப்பு இருந்தால் இருபோகப் பகுதிக்கு ஜூன் மாதமே தண்ணீர் திறந்துவிடுவார்கள். கள்ளந்திரிக்கு மேலே உள்ள கண்மாயில் வேலைக்குக் கிடைப்பது இரண்டரை மாதமே. மேலூர்க் கண்மாயில் ஆவணிவரை செய்யலாம். ஒப்பந்தத்தில் இந்தத் தேதிகளை எழுதாவிட்டால், பாதி வெட்டிய கரையோடு ஐப்பசி வந்துவிடும்.

சான்றின் கடைசி நிபந்தனை பெரும்பாலும் பராமரிப்பைப் பற்றியது. வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் பாதையின் இரண்டு முனைகளையும் பூட்டுவது யார், சாவி யாரிடம், அந்த நேரத்தில் பொக்லைன் ஏறச் சரிவுப் பாதை எந்தப் பக்கம், ஆண்டுக்கொருமுறை சரளை நிரப்பச் செலவு எந்தக் கணக்கில் என்ற நான்குக்கும் ஊராட்சி அல்லது மாநகராட்சியின் பெயரில் பதில் எழுதி, அதன் நகலை நீர்ப்பாய்ச்சியிடமும் ஒன்று கொடுத்துவைக்க வேண்டும்.